சட்டம் கேளுங்கள்: அடிபட்டவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது

வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கோரும் மனுக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சில, நான் எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தைப் பற்றிக் கேட்கின்றன. அடிபட்டவளே குற்றம் சாட்டப்பட்டவளாகி நீதிமன்றத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். என் அக்காவுக்கு மணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. அவர் அடிபடாத மாதம் ஒன்றுகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஓர் இரவு, "பொழுது விடியட்டும், உன்னை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அத்தான் தூங்கப் போயிருக்கிறார். தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. அக்கா தானாகவே காவல் நிலையத்துக்குச் சென்று, "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டார். இப்போது கொலை வழக்கு நடக்கிறது. அந்த 14 ஆண்டுகளை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா? (பெயரை வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் தானாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியம் வழக்கின் முதல் பக்கத்திலேயே பதிவாகிவிட்டது. 14 ஆண்டுகளோ எந்தப் பக்கத்திலும் இல்லை. அவற்றை ஏட்டுக்குள் கொண்டுவருவதுதான் அக்காவுக்காக வாதாடும் வழக்கறிஞரின் பெரும்பாலான வேலை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்றாலும், ஆங்கிலேயச் சட்ட மரபு பரவிய நாடுகளில் இத்தகைய வழக்குகளுக்கு நெடுங்காலமாக இரண்டு முதன்மை வழிகளே இருந்துவந்தன. ஒன்று தற்காப்பு, மற்றொன்று, ஆத்திரமூட்டலால் தன்னிலை இழந்து செய்த செயல் என்ற வாதம். முன்னது நிரூபணமானால் முழு விடுதலை. பின்னது நிரூபணமானால் கொலைக் குற்றம் ஒரு படி இறங்கிக் கொலையாகாத மரணம் விளைவித்தலாக மாறும். அந்த ஒரு படி சிறிதன்று. இங்கிலாந்தில் கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம். இந்தியாவிலும் கொலைக்கு ஆயுள் தண்டனைக்குக் குறைவாக விதிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. ஆகவே "கொலை" என்ற பெயர் விழுந்துவிட்டால், நீதிபதியின் மனத்தில் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் அதைத் தண்டனையில் காட்ட இடமிருக்காது.

இந்த இரண்டு வழிகளுமே ஒரு கடிகாரத்தை வைத்துக் கட்டப்பட்டவை. ஆபத்து அந்தக் கணத்தில் தலைக்கு மேல் நிற்க வேண்டும் என்றது தற்காப்புச் சட்டம். கோபம் அந்தக் கணத்தில் திடீரென்று வெடித்திருக்க வேண்டும் என்றது ஆத்திரமூட்டல் சட்டம். சமமான உடல் வலிமை உள்ள இரண்டு ஆண்கள் தெருவில் மோதிக்கொள்ளும் காட்சிக்கு இந்தக் கடிகாரம் பொருந்தும். தன்னைவிட வலியவன் ஒருவனோடு ஒரே வீட்டில் வாழ்பவள், அவன் விழித்து நிற்கும் நேரத்தில் எதிர்த்தால் தானே சாவாள் என்று அனுபவத்தால் அறிந்தவள். அவள் அச்சம் கணக்கில் ஏறுவது மெதுவாக, ஆண்டுக்கணக்கில். அந்த மெதுவான அச்சத்தை இந்தக் கடிகாரத்தால் அளக்க முடியவில்லை. "திடீர், தற்காலிகத் தன்னிலை இழப்பு" என்ற புகழ்பெற்ற வரையறையை ஆங்கில நீதிமன்றம் 1949-இல் வகுத்ததே, டஃபி என்ற, கணவனிடம் அடிபட்ட மனைவியின் வழக்கில்தான். அவர் அந்த அளவுகோலில் தேறவில்லை. அதற்குப் பிறகு 40 ஆண்டுகளுக்கும் மேலாக மற்றவர்களும் அதே கோலால் அளக்கப்பட்டார்கள்.

உங்கள் அக்காவின் நிலைக்கு மிக அருகில் வருவது கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு. இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண்ணான அவர், பத்தாண்டுக் காலம் கணவனின் கொடுமையை அனுபவித்தவர். 1989-இல் ஓர் இரவு அவன் சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தருகே கொண்டுவந்து மிரட்டிவிட்டுத் தூங்கிய பின், சில மணி நேரம் கழித்துத் தீ வைத்தார். கணவன் இறந்தான். விசாரணையில் அலுவாலியா சாட்சிக் கூண்டேறிப் பேசவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகத் தொடர்ந்து போராடியது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. குறைந்த குற்றமான உயிரிழப்பு விளைவித்தலை அவர் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே சிறையிலிருந்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு வெளியே வந்தார்.

இந்த வழக்கைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மேல்முறையீட்டில் ஆத்திரமூட்டல் வாதம் ஏற்கப்படவில்லை. இடைப்பட்ட நேரத்தால் மட்டுமே அந்த வாதம் அடிபட்டுவிடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆயினும் திடீர்த் தன்னிலை இழப்பு வேண்டும் என்ற விதியை அவர்கள் மாற்றவில்லை. அவரைக் காத்தது, அவர் கடும் மனச்சோர்வில் இருந்தார் என்ற மருத்துவச் சான்று. அதாவது, கணவன் செய்தது சட்டத்தின் கண்ணில் படவில்லை. மனைவியின் மனம் பழுதுபட்டது என்ற சீட்டு பட்டது. விடுதலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நியாயமாக அஞ்சிய ஒரு பெண் நோயாளி என்று ஒப்புக்கொண்டால்தான் வெளியே வர முடியும் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்து 2009-இல் சட்டத்தைத் திருத்தியது. 2010 முதல் நடைமுறையில் உள்ள அந்தத் திருத்தத்தின்படி தன்னிலை இழப்பு திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை, கோபத்தைப் போலவே கடும் வன்முறை குறித்த அச்சமும் அதற்குக் காரணமாகலாம். இந்தியாவில் "கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டல்" என்ற சொற்கள் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. ஆனால் தீர்ப்புகள் அந்தச் சொற்களை விரித்திருக்கின்றன. நானாவதி வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம், இறந்தவரின் முந்தைய செயல்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் மனத்தில் உருவாக்கிய பின்னணியையும் பார்க்கலாம் என்றது. 1989-இல் சுயம்புக்கனி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாய் அவர். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு அழுத நல்லதங்காளின் பெயரைச் சொல்லி, தொடர்ச்சியான ஆத்திரமூட்டலும் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் அந்த விதிவிலக்குக்குள் வரும் என்று அத்தீர்ப்பு கூறியது. கணவனைக் கொன்ற பெண்ணின் வழக்கில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் 2013-இல், மஞ்சு லக்ரா வழக்கில், இதே நோக்கில் குற்றத்தின் தரத்தைக் குறைத்தது.

எனவே உங்கள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "எந்த வாதத்தின் கீழ் அக்காவின் 14 ஆண்டுகளை வைக்கப் போகிறீர்கள், அதற்கு எந்தச் சாட்சியை அழைக்கப் போகிறீர்கள்?" இந்தியச் சட்டத்தில் விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது, ஆனால் அவர் அதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

கேள்வி: மனம் நோக எழுதவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அவ்வளவு கொடுமை என்றால் அந்தப் பெண் ஏன் வீட்டை விட்டு வெளியேறவில்லை? நீதிபதியும் இதைத்தானே கேட்பார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, கேட்பார். அரசுத் தரப்பு நிச்சயம் கேட்கும். குறுக்கு விசாரணையில் முதல் பத்து நிமிடங்களுக்குள் இந்தக் கேள்வி வராத வழக்கு ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

வெளியேறுவது பாதுகாப்பு என்ற எண்ணத்தில் இந்தக் கேள்வி பிறக்கிறது. உண்மை நேர்மாறானது. ஆதிக்கம் கைவிட்டுப் போகிறது என்று உணரும் கணவன் மிகவும் ஆபத்தானவனாக மாறுவது, மனைவி பிரியும்போதும் பிரிந்த உடனேயும்தான். பிரிந்து போனவளைத் தேடிச் சென்று கொன்ற வழக்குகளை நீதிமன்றங்கள் எங்கும் பார்த்திருக்கின்றன. அவள் முன்பு ஒருமுறை போய்ப் பார்த்திருப்பாள். யாரோ சமாதானம் பேசித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். திரும்பிய இரவு என்ன நடந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

இதை நீதிபதிகளுக்கும் ஜூரிகளுக்கும் விளக்க நிபுணர் சாட்சியம் தேவை என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 1990-இல் லாவலி வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த இளம்பெண், தன்னைக் கொல்லப்போவதாக மிரட்டிவிட்டு அறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தவனைப் பின்னந்தலையில் சுட்டார். ஆபத்து கண்முன் நிற்கும்வரை காத்திரு என்று அவளிடம் சொல்வது, தவணை முறையில் கொல்லப்பட ஒப்புக்கொள் என்று சொல்வதற்குச் சமம் என்ற கருத்தை நீதிபதி பெர்த்தா வில்சன் தம் தீர்ப்பில் எடுத்தாண்டார். விடுதலை உறுதியானது. ஓராண்டு முன்னதாக, 1989-இல், அமெரிக்காவின் வட கரோலினா மாநில உச்ச நீதிமன்றம், ஜூடி நார்மன் என்ற பெண்ணின் வழக்கில் எதிர்த்திசையில் தீர்ப்பளித்திருந்தது. சொல்லில் அடங்காத இழிவுகளுக்கு அவரை உள்ளாக்கிய கணவன் தூங்கிக்கொண்டிருந்தான், ஆகவே உடனடி ஆபத்து இல்லை என்பதே அந்தத் தீர்ப்பு. அவருடைய ஆறாண்டுத் தண்டனையைப் பின்னர் ஆளுநர்தான் குறைத்தார்.

நிபுணர் சாட்சியத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, ஐயா. உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் விளக்கிய "அடிபட்ட பெண் நோய்க்குறி" பல நாட்டு நீதிமன்றங்களுக்குள் நுழைந்தபோது, ஒரு குறிப்பிட்ட சித்திரத்தையும் உடன் கொண்டுவந்தது: ஒடுங்கிய, அழுகின்ற, எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். வேலைக்குப் போகிறவள், சண்டையில் கத்தியவள், ஒருமுறை திருப்பி அடித்தவள் ஆகியோர் இந்தச் சித்திரத்துக்குள் அடங்குவதில்லை. அடங்காதவளை நீதிமன்றம் நம்ப மறுக்கிறது. 1998-இல் மாலட் வழக்கில் கனடா நீதிபதிகளே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் கூண்டில் கண்ணீரே விடவில்லை, குரலும் நடுங்கவில்லை. "கல் மனசுக்காரி" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அழுதால் அடி கூடும் என்று 11 ஆண்டுகள் பழகிய பெண் அவர்.

கேள்வி: என் தோழி ஒரே ஒருமுறை திருப்பித் தள்ளியதில் கணவனுக்குத் தலையில் காயம். அவன் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டான். இருவர் மீதும் வழக்கு. இது சரியா? (சட்ட மாணவி)

பதில்: சட்டப்படி பதிய முடியும், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. யார் தாக்குதலுக்கு முதன்மைக் காரணம், யாருடைய காயம் தடுக்கும்போது ஏற்பட்டது, யார் யாருக்கு அஞ்சி வாழ்ந்தார் என்பதை ஆராய்ந்த பிறகே கைது செய்ய வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களிலும், இரண்டு வழக்குகளையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்கக் கோருவது முறை. தோழியின் முன்கையில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். அடியைத் தடுக்கக் கையை உயர்த்துகிறவர்களுக்குக் காயம் அங்கேதான் விழும். இன்றே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளை மறுநாள் நிறம் மாறிவிடும்.

கேள்வி: கணவன் அடித்து மிரட்டியதால் போதைப்பொருள் பொட்டலத்தை எடுத்துச் சென்ற பெண்ணுக்கும் இந்தச் சலுகை உண்டா? (ஒரு வாசகர்)

பதில்: சலுகை என்று சொல்லாதீர்கள், அது எதிர்வாதம். சிறையில் நான் சந்திக்கும் பெண்களில் கொலை வழக்கில் வந்தவர்களைவிட இப்படி வந்தவர்களே மிகுதி. பொட்டலம் சுமந்தவர்கள், போலிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள், திருட்டுப் பொருளை ஒளித்து வைத்தவர்கள். மிரட்டலுக்கு ஆட்பட்டுச் செய்தேன் என்ற வாதம் பெரும்பாலான நாடுகளில் உண்டு. ஆனால் மறுத்தால் அப்போதே மரணமோ கடும் காயமோ நேரும் என்ற மிரட்டல் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. மீண்டும் அதே கடிகாரம். வீட்டில் நடக்கும் மிரட்டல் பெரும்பாலும் சொல்லில் வருவதில்லை. ஒரு பார்வையில், கதவைச் சாத்தும் விதத்தில் வருகிறது. 1996-இல் போவென் என்ற வழக்கில் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம், நெடுநாள் வன்முறையால் எதிர்க்கும் திறனை இழந்தவரின் நிலையைக் கணக்கில் கொள்ளலாம் என்று கொள்கையளவில் ஏற்றது. 2015-இல் அங்கே, உறவுக்குள் நடக்கும் தொடர் அடக்குமுறையே தனிக் குற்றமாக்கப்பட்டது. அதன் விளைவைச் சாலி சாலன் வழக்கில் கண்டோம். கணவனைக் கொன்றதற்காக 2011-இல் ஆயுள் தண்டனை பெற்ற அவரது தீர்ப்பு, அடக்குமுறை குறித்த புதிய மனநலச் சான்றுகளுக்குப் பிறகு 2019-இல் ரத்தாகி, அதே ஆண்டில் அவர் வெளியே வந்தார்.

இதே வரிசையில் இன்னொரு வகையும் உண்டு. குழந்தையைக் கணவன் அடித்துக் கொன்றிருப்பான். தடுக்கத் தவறியதாகத் தாயும் கூண்டில் நிற்பாள். இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அவளால் நியாயமாக என்ன செய்திருக்க முடியுமோ அதைச் செய்தாளா என்பதே கேள்வி. தன்னையே காத்துக்கொள்ள முடியாதவளிடம் எதை "நியாயமாக" எதிர்பார்க்கலாம் என்று ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக வாதாட வேண்டியிருக்கிறது.

கேள்வி: தண்டனை உறுதியாகிவிட்ட பிறகு ஏதாவது வழி உண்டா? (சிறையில் இருப்பவரின் தந்தை)

பதில்: உண்டு, ஐயா. பெண் கைதிகளுக்காக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகள், அவர்களுடைய பின்னணியையும் பராமரிப்புப் பொறுப்புகளையும் கருதித் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு இருக்க வேண்டும் என்கின்றன. அது நாடுகளைக் கட்டாயப்படுத்தாது என்றாலும் மனுவில் மேற்கோள் காட்டலாம். நியூயார்க் மாநிலம் 2019-இல் இயற்றிய சட்டம் இன்னும் கூர்மையானது: வன்முறை அந்தக் குற்றத்துக்குக் கணிசமான காரணம் என்று காட்டினால் தண்டனை குறையும், முன்பே தண்டனை பெற்றவர்களும் மனுச் செய்யலாம். 19 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று விதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தண்டனை இச்சட்டத்தால் 2021-இல் ஏழரை ஆண்டுகளாகக் குறைந்தது. பிரான்சில், தன்னைக் கொடுமைப்படுத்திய கணவனைக் கொன்ற ஜாக்குலின் சோவாஜ் என்ற மூதாட்டிக்கு இரண்டு விசாரணைகளிலும் பத்தாண்டுத் தண்டனையே கிடைத்தது. குடியரசுத் தலைவரின் மன்னிப்பால்தான் 2016-இல் வெளியே வந்தார். மன்னிப்பு கருணை, நீதி அன்று. இருந்தாலும் மகள் வீடு திரும்ப அது ஒன்றே வழி என்றால் மனுப் போடத் தயங்காதீர்கள். இந்தியாவில் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. மேல்முறையீட்டுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: என் மகள் வழக்கறிஞரிடம்கூட எதையும் சொல்ல மறுக்கிறாள். "நான் செய்தேன், தண்டனை கொடுக்கட்டும்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. மருத்துவமனைச் சீட்டுகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் "தவறி விழுந்தார்" என்றே எழுதியிருக்கிறது. (ஒரு தாய்)

பதில்: அம்மா, அந்தச் சீட்டுகளைக் கிழித்துவிடாதீர்கள். என்னுடைய ஒரு வழக்கில் இதே மாதிரி மூன்று சீட்டுகளை அரசு வழக்கறிஞர் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, "விழுந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்" என்று முடித்தார். எழுதிய மருத்துவரை நாங்கள் சாட்சியாக அழைத்தோம். காயம் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டேன். மேற்கையின் உட்புறத்தில், விரல் அகலத்தில், வரிசையாக நான்கு கன்றல்கள் என்று அவர் தம் குறிப்பைப் பார்த்துச் சொன்னார். விழுந்தால் அங்கே அப்படிக் கன்றுமா என்று கேட்டேன். "கன்றாது, இறுக்கிப் பிடித்தால் கன்றும்" என்றார். மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்றவன் யார் என்பதும், மருத்துவர் கேட்கும்போது அவன் அருகிலேயே நின்றானா என்பதும் அடுத்த கேள்விகள்.

உங்கள் மகளை "சொல், சொல்" என்று வற்புறுத்த வேண்டாம். சிறைச் சந்திப்பில் உங்களிடம் வழக்கைப் பற்றிப் பேசுவதும் நல்லதன்று. வழக்கறிஞரிடம் பேசுவதற்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு உண்டு. முடிந்தால் பெண் வழக்கறிஞர் ஒருவர் பலமுறை சென்று பார்க்கட்டும். முதல் சந்திப்பில் அந்த இரவைப் பற்றி நான் கேட்பதே இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்பேன். எத்தனை அறை, எங்கே படுப்பீர்கள், பணம் யார் கையில் இருக்கும், செல்பேசி யாருடையது, சாவி யாரிடம் இருக்கும் என்று. அப்படித்தான் ஒருத்தி, மூன்றாவது சந்திப்பில், வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, "எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தானே" என்றாள். அன்று மாலையே குற்றப்பத்திரிகையோடு இணைத்திருந்த சம்பவ இட வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். படுக்கையறைக் கதவின் வெளிப்புறத்தில் ஒரு தாழ்ப்பாளைக் காவல்துறையே குறித்து, பக்கத்தில் அதன் உயரத்தையும் எழுதி வைத்திருந்தது. உங்கள் மகளின் வழக்கிலும் அந்த வரைபடம் இருக்கும். அதன் நகலை வாங்கி, அடுத்த சந்திப்பில் அவள் முன்னால் விரித்து வைக்கச் சொல்லுங்கள்.